எக்ஸாஸ்ட் ஹவுசிங் மாற்றிய பிறகு கார் அடம்பிடித்தால்: அறிகுறி பார்த்துக் காரணம் பிடிப்பது

இது பெட்ரோல் டர்போ கார் வைத்திருப்பவர்களுக்கு. டர்போவின் கோர் பகுதியை (சக்கரங்கள், தண்டு, பேரிங் உள்ள நடுப்பகுதி) அப்படியே வைத்துக்கொண்டு எக்ஸாஸ்ட் பக்கத்து ஹவுசிங்கை, அதாவது புகையால் சுற்றும் டர்பைன் சக்கரத்தின் கூட்டை மட்டும் பெரிய ஏ/ஆர் உள்ளதாக மாற்றி, அதன் பிறகு கார் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்றால் மேற்கொண்டு படியுங்கள். எஞ்சினிலிருந்து புகையைச் சேர்த்துக் கொண்டுவரும் மேனிஃபோல்டும் ஹவுசிங்கும் ஒரே வார்ப்பாக வரும் சில ஜெர்மன் கார்களில் இந்த வேலையின் வழியே வேறு. ஆனால் அறிகுறிகள் பெரும்பாலும் இவைதான்.

ஏ/ஆர் என்பது ஹவுசிங்கின் சுருள் வாயின் குறுக்குப் பரப்பை, அந்த வாயின் மையத்துக்கும் தண்டின் மையத்துக்கும் உள்ள தூரத்தால் வகுத்தால் வரும் எண். எண் பெரிதானால் புகை சக்கரத்தை மெதுவாகத் தள்ளும், மேல் ஆர்பிஎம்மில் எஞ்சின் தாராளமாக மூச்சு விடும். கேரெட் டி3 ஹவுசிங்குகளில் 0.63, 0.82, 1.06 என்று வரிசையாகக் கிடைக்கும். மிட்சுபிஷி டிடி வகையில் இந்த வகுத்தலே கிடையாது, பரப்பைச் சதுர சென்டிமீட்டரில் சொல்வார்கள். ஆகவே இரண்டு கம்பெனி எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள்.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள். கோளாறு எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா, சூடேறிய பிறகா? எந்த கியர், எந்த ஆர்பிஎம்? ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபோதா, பாதியிலா? ஹவுசிங் மாற்றுவதற்கு முன் எடுத்த லாக் (ஓடும்போது எடுத்த எண்களின் பதிவு) ஒன்று கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. காரணம் தெரியும்வரை பூஸ்ட் (டர்போ ஏற்றும் காற்றழுத்தம்) கன்ட்ரோலரைத் தொடாதீர்கள். பூஸ்ட் குறைகிறது என்று அதைத் திருகி ஏற்றுபவர்கள்தான் கடைசியில் பிஸ்டன் வாங்க சென்னைக்குப் போகிறார்கள்.

இடையில் ஒரு வார்த்தை. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம் உற்பத்தியாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. புதுச்சேரி பிஒய் நம்பரோ கடலூர் டிஎன் 31-ஓ, சட்டம் ஒன்றுதான். முழு மிதி மிதித்துப் பார்க்கும் சோதனைகளை இசிஆரில் வைத்துக்கொள்ளாமல் டைனோவிலோ (உருளைகள் மேல் நிறுத்தி ஓட்டும் சோதனை மேடை) இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலோ செய்யுங்கள்.

பூஸ்ட் தாமதமாக வருகிறது

முதலில், இது கோளாறுதானா? 0.63-இலிருந்து 0.82-க்குப் போனால் முழு பூஸ்ட் சில நூறு ஆர்பிஎம் தள்ளி வருவது இயல்பு. அந்த விலையைக் கொடுத்துத்தான் மேல் ஆர்பிஎம்மை வாங்கியிருக்கிறோம். ஆனால் 3200-இல் வந்த பூஸ்ட் 4500 தாண்டியும் வரவில்லை என்றாலோ, வந்தும் குறித்த அளவைத் தொடவில்லை என்றாலோ ஹவுசிங் அளவு மேல் பழி போடாதீர்கள். எங்கோ ஒழுகுகிறது, அல்லது கூடுதல் புகையைச் சக்கரத்துக்குப் போகாமல் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் மூடவில்லை.

நான் வேஸ்ட்கேட்டில் தொடங்குவேன், ஏனென்றால் அதைப் பார்க்கக் காசு செலவில்லை. புது ஹவுசிங்கில் ஃபிளாப்பின் (வேஸ்ட்கேட் துளையை மூடும் தட்டு) கைப்பிடி பழையதிலிருந்து ஒரு நூல் விலகியிருந்தாலும் அதை அசைக்கும் ஆக்சுவேட்டர் கம்பியின் பழைய நீளம் பொருந்தாது. கம்பியைக் கழற்றி, ஃபிளாப்பைக் கையால் முழுக்க மூடிப் பிடியுங்கள். கம்பியின் முனை கைப்பிடியின் ஊசிக்குச் சற்று முன்னாலேயே நிற்க வேண்டும். அதைச் சில மில்லிமீட்டர் இழுத்துத்தான் மாட்ட முடிய வேண்டும். அந்த இழுப்புதான் பிரீலோட். தானாக விழுந்து மாட்டிக்கொண்டால் ஃபிளாப் புகையின் அழுத்தத்திலேயே திறந்துகொள்ளும். அதற்காக ஒரேயடியாக இறுக்கினாலும் தப்பு. ஃபிளாப் முழுதாகத் திறக்க இடமில்லாமல் போய், அடுத்துச் சொல்லப்போகும் நோய் வரும்.

ஆக்சுவேட்டரின் உள்ளே இருக்கும் டயாஃப்ரம் சவ்வு நல்லதா என்று பார்க்க, ரெகுலேட்டர் உள்ள காற்றால் மெதுவாக அழுத்தம் கொடுங்கள். ஸ்பிரிங் 0.5 பார் என்றால் அதை ஒட்டித்தான் கம்பி அசையத் தொடங்க வேண்டும், பிடித்து வைத்தால் இறங்கக் கூடாது. பஞ்சர் கடை கம்பிரசரை நேராகச் சொருகிவிடாதீர்கள். அந்த அழுத்தத்தில் டயாஃப்ரம் கிழிந்துவிட்டால், இருந்ததா நீங்கள் கிழித்ததா என்று கடைசிவரை தெரியாது.

வேஸ்ட்கேட் சரி என்றால் ஒழுகலைத் தேடுங்கள். டர்பைனுக்கு முன்னால், அதாவது மேனிஃபோல்டு பேக்கிங்கிலோ டர்போ ஃபிளாஞ்சிலோ புகை கசிந்தால், சக்கரத்தைச் சுற்ற வேண்டிய சக்தி வெளியே போகிறது. எஞ்சின் ஆறியிருக்கும்போது வேக்குவம் கிளீனரின் காற்று வெளியேறும் வாயை சைலன்சர் குழாயில் வைத்துத் துணி சுற்றி அடையுங்கள். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். பழைய ஒழுகல் என்றால் அந்த இடத்தில் கரி கோடு போட்டிருக்கும், சோப்பே வேண்டாம்.

காற்றுப் பக்கத்தையும் விடாதீர்கள். எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும்தான் கை வைத்தேன் என்று எல்லோரும் சொல்வார்கள். டர்போவை இறக்கி ஏற்றும்போது இன்டர்கூலர் ஹோஸ்கள் எல்லாம் கழன்று மாட்டப்பட்டிருக்கும். கடலூர் முதுநகரில் நண்பர் ஒருவரின் காரில் இதுதான் நடந்தது. "அண்ணே, ஹவுசிங் போட்டதுலேருந்து இழுவையே இல்ல" என்று கொண்டு வந்தார். மேலே உள்ள கிளாம்ப் எல்லாம் இறுக்கமாக இருந்தது. அடியில், பம்பர் உள்ளே மறைந்திருந்த ஒரு ஹோஸ் பாதி நழுவியிருந்தது. ஐடிலில் ஒன்றும் தெரியாது, பூஸ்ட் ஏறும்போது மட்டும் வாய் திறக்கும். இதற்கு டர்போவின் காற்று வாயை அடைத்து 1 பாருக்கு மிகாமல் காற்று ஏற்றிப் பார்ப்பதுதான் வழி. காதால் மட்டும் கேட்டுக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

இரட்டைச் சுருள் ஹவுசிங் வாங்கி, தடுப்புச் சுவர் இல்லாத சாதாரண மேனிஃபோல்டில் மாட்டியவர்களும் தாமதம் என்று வருவார்கள். அங்கே பிழை நீக்க ஒன்றும் இல்லை. வாங்கிய சாமான் பொருந்தவில்லை.

பூஸ்ட் குறித்த அளவைத் தாண்டி ஏறிக்கொண்டே போகிறது

இதில் இரண்டு வகை உண்டு, குழப்பிக்கொள்ளாதீர்கள். ஆக்சிலேட்டரை மிதித்த உடனே முள் மேலே குத்திவிட்டு இறங்கினால் அது ஸ்பைக். கன்ட்ரோலர், சோலினாய்டு, அல்லது வேக்குவம் ஹோஸின் நீளம் பக்கம் தேடுங்கள். 3500-இல் 0.8 பாரைத் தொட்டு, அங்கே நிற்காமல் 6000-இல் 1.1 பார் என்று ஏறினால் அது கிரீப். வேஸ்ட்கேட் முழுக்கத் திறந்தும், ஓட வேண்டிய புகை அந்தத் துளை வழியாக ஓட முடியவில்லை.

உறுதி செய்ய, கன்ட்ரோலரையும் சோலினாய்டையும் விலக்கி, ஆக்சுவேட்டருக்கு பூஸ்ட் நேராகப் போகும்படி மாட்டி ஒரு லாக் எடுங்கள். இப்போது ஸ்பிரிங் மட்டும்தான் வேலை செய்கிறது. அப்போதும் ஏறுகிறது என்றால் கிரீப்தான். கன்ட்ரோலரில் எத்தனை எண் குறைத்தாலும் தீராது.

சரியாகச் சொன்னால் பெரிய ஏ/ஆர் கிரீப்பைக் குறைக்கத்தான் வேண்டும், ஏனென்றால் அதே புகைக்கு டர்பைன் குறைவாகத் தள்ளப்படுகிறது. அப்படியிருந்தும் ஏன் வருகிறது? ஹவுசிங் மாற்றும் கையோடு பெரும்பாலானோர் டர்போவிலிருந்து கீழிறங்கும் 3 அங்குல டவுன்பைப் குழாயும் போட்டுவிடுகிறார்கள். டர்பைனுக்குப் பின்னால் அழுத்தம் விழுந்ததும் சக்கரம் இன்னும் ஆவேசமாகச் சுற்றுகிறது. இன்னொரு காரணம், மலிவு விலை வார்ப்புகளில் வேஸ்ட்கேட் துளை சிறியதாகவும், புகையின் ஓட்டத்துக்கு எதிர்க்கோணத்திலும் இருப்பது. துளை பெரிதாக இருந்தால் மட்டும் போதாது, புகை அதை நோக்கித் திரும்ப வழி வேண்டும்.

ஃபிளாப் முழுதாகத் திறக்கிறதா என்று முதலில் பாருங்கள். டவுன்பைப்பின் ஃபிளாஞ்ச் உள்விளிம்பில் ஃபிளாப் இடித்து நின்றால் பாதிதான் திறக்கும். விளிம்பில் பளபளவென்று ஒரு தேய்மானம் இருந்தால் அதுதான். அது இல்லை என்றால் துளையைப் போர்ட் செய்ய வேண்டும். ஹவுசிங்கைத் தனியாகக் கழற்றி, கார்பைடு பர் போட்டு, சுருள் பக்கத்து விளிம்பை மழுக்கி, புகை வழுக்கிக்கொண்டு போகும்படி சாய்வு கொடுக்க வேண்டும். ஃபிளாப் உட்காரும் ஓரத்தில் எல்லாப் பக்கமும் போதுமான அகலம் மிச்சம் இருக்க வேண்டும், இல்லையேல் மூடும்போது கசியும். டர்போ காரில் இருக்கும்போதே இதைச் செய்யும் துணிச்சல் வேண்டாம். ஒரு பிசிறு சக்கரத்தில் பட்டால் போதும்.

மென்மையான ஸ்பிரிங் போடு என்று சிலர் சொல்வார்கள். ஸ்பிரிங் முடிவு செய்வது ஃபிளாப் எப்போது திறக்கத் தொடங்கும் என்பதை. கிரீப்பில் ஃபிளாப் ஏற்கெனவே முழுக்கத் திறந்துதான் இருக்கிறது.

பூஸ்ட் அதே அளவு, ஆனால் நாக் வருகிறது, கலவை மெலிகிறது

நாக் என்பது கலவை தப்பான நேரத்தில் தானாக வெடித்து எழும் தட்டல். இதைத்தான் நிறைய பேர் கவனிக்காமல் விடுகிறார்கள். பூஸ்ட் மீட்டரில் பழைய எண்தான் தெரிகிறது, எனவே மேப்பை (ஈசியூ கணினியில் உள்ள பெட்ரோல், டைமிங் அட்டவணை) மாற்ற வேண்டியதில்லை என்று நினைக்கிறார்கள். மீட்டர் காட்டுவது இன்டேக் மேனிஃபோல்டில் உள்ள அழுத்தம். எஞ்சினுக்குள் எவ்வளவு காற்று போனது என்பதை அது சொல்லாது.

பழைய சின்ன ஹவுசிங் மேல் ஆர்பிஎம்மில் புகையைத் தேக்கிவைத்தது. சிலிண்டரில் எரிந்த புகை கொஞ்சம் மிச்சம் இருந்து, புதுக் காற்றுக்கு இடம் கொடுக்கவில்லை. பெரிய ஹவுசிங் அந்தத் தேக்கத்தைக் குறைக்கிறது. அதே 0.8 பாரில் இப்போது கூடுதல் காற்று உள்ளே போகிறது. காற்றை எடை போடும் மாஃப் சென்சார் உள்ள காரில் ஈசியூ இதைப் பார்த்துக் கொஞ்சம் சமாளிக்கும். அழுத்தத்தையும் வெப்பத்தையும் வைத்துக் காற்றைக் கணக்கிடும் மேப் சென்சார் காரில் அட்டவணை பழையதாகவே இருக்கும். காற்று கூடியிருக்கிறது, பெட்ரோல் கூடவில்லை. 5000-க்கு மேல் கலவை மெலியும்.

வைட்பேண்டு (கலவை விகிதத்தை அளக்கும் ஆக்சிஜன் சென்சார்) மாட்டாமல் இதைக் கண்டுபிடிக்க முயலாதீர்கள். எண்ணை லாம்ப்டாவில் (சரியான கலவைக்கு 1, பெட்ரோல் கூடினால் அதற்குக் கீழே) படியுங்கள், ஏனென்றால் இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வருகிறது. சுத்த பெட்ரோலுக்கு 14.7 என்ற விகிதம் இதற்கு 13.5-ஐ ஒட்டி இறங்கிவிடும். மீட்டரோ பழைய 14.7-ஐ வைத்தே எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும். லாம்ப்டாவுக்கு இந்தத் தொல்லை இல்லை. முழு மிதியில் டர்போ பெட்ரோல் எஞ்சினுக்கு 0.8-ஐ ஒட்டி இருக்கும்படி டியூனர்கள் வைப்பார்கள். அது 0.9-ஐ நோக்கி நகர்ந்தால் காலை எடுத்துவிடுங்கள்.

லாக்கில் இன்ஜெக்டர் டியூட்டியையும் (இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தின் சதவீதம்) பாருங்கள். 85 சதவீதத்தைத் தாண்டி ஓடினால் மேப்பைத் திருத்தியும் பயனில்லை, இன்ஜெக்டர் சிறியது. பெட்ரோல் அழுத்தம் மேலே போகப் போகச் சரிந்தால் பம்ப்.

கலவை சரி, ஆனாலும் நாக் என்றால் இக்னிஷன் டைமிங். நம் ஊர் கடல் மட்டத்தில் இருக்கிறது, காற்று அடர்த்தி அதிகம், அது நல்லது. ஆனால் சித்திரை வெயிலில் மதியம் இன்டர்கூலர் தன் வேலையைச் செய்ய முடியாது. சாதா பெட்ரோலில் போட்ட மேப்பை ஜனவரி அதிகாலையில் சோதித்து ஓகே சொல்லிவிட்டு, மே மாதம் அழாதீர்கள். அதைவிட உயர்ந்த ஆக்டேன் பெட்ரோல் ஊற்றி அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். நாக் மறைந்தால் டைமிங்தான் கூடுதல். மறையவில்லை என்றால் நாக் சென்சார் கேட்பது வேறு ஏதாவது ஹீட் ஷீல்டு ஆட்டமாகக்கூட இருக்கலாம்.

டிக் டிக் சத்தம்

குளிர்ந்த எஞ்சினில் டிக் டிக் என்று கேட்டு, சூடேறியதும் குறைந்தால் ஃபிளாஞ்ச் ஒழுகல். உலோகம் விரிந்து இடைவெளியை மூடிக்கொள்கிறது. காலை எடுக்கும்போது சில்லறை குலுக்குவதுபோல் கேட்டால் வேஸ்ட்கேட் ஃபிளாப் ஆடுகிறது. முன்பு சொன்ன பிரீலோட்டைப் பாருங்கள். அது சரியாக இருந்தால் ஃபிளாப் ஊசியின் புஷ் தேய்ந்திருக்கும்.

ஒழுகலுக்குப் பேக்கிங்கை மட்டும் மாற்றிப் பயனில்லை. ஹவுசிங் முகத்தில் நேர்க்கோல் வைத்து அடியில் ஃபீலர் கேஜ் நுழைத்துப் பாருங்கள். வளைந்திருந்தால் லேத் பட்டறையில் ஃபேஸ் எடுக்க வேண்டும். புதுச்சேரியின் தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம் இதற்கு ஆள் கிடைப்பார்கள். மேனிஃபோல்டு முகத்தையும் கையோடு எடுத்துப் போங்கள். ஒரு பக்கம் மட்டும் சமமாக இருந்து என்ன பயன்?

அடுத்தது ஸ்டட். ஹார்டுவேர் கடையில் வாங்கிய சாதா போல்ட் அந்தச் சூட்டில் நீண்டு தளர்ந்துவிடும். ஸ்பிரிங் வாஷர் போட்டு இறுக்கினால் கழலாது என்று பட்டறையில் சொல்வார்கள். அந்த வெப்பத்தில் வாஷரின் விறைப்பே போய், தட்டையாகிக் கிடக்கும். கம்பெனி தரத்து ஸ்டட், செம்பு பூசிய லாக் நட்டு, மரையில் நிக்கல் கலந்த ஆன்டிசீஸ், இவ்வளவுதான் வேண்டும். வைத்திக்குப்பத்திலோ தேவனாம்பட்டினத்திலோ வீடு என்றால், கடல் காற்றில் மரை பிடித்துக்கொள்வது உறுதி. ஆன்டிசீஸ் போடாமல் மாட்டியதை அடுத்த முறை ஸ்டட்டை உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

இணைப்பு வி-பேண்ட் (சுற்றி வளைத்துப் பிடிக்கும் வளையம்) என்றால் கிளாம்பை இறுக்கிக்கொண்டே சுற்றிலும் ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். தட்டாமல் இறுக்கினால் கிளாம்ப் ஒரு பக்கம் மட்டும் பிடித்துக்கொண்டு, முழு டைட் மாதிரி நடிக்கும்.

உரசும் சத்தம், சைரன் மாதிரி ஊளை

எஞ்சினை அணையுங்கள். வீட்டுக்கு மெதுவாக ஓட்டிப் போய்விடலாம் என்று நினைக்காதீர்கள்.

டர்பைன் சக்கரம் ஹவுசிங்கில் உரசுகிறது என்று வைத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும். டி28 என்று ஒரே பெயரில் வரும் நகல் ஹவுசிங்குகளின் உள்வளைவு எல்லாம் ஒன்றல்ல. உங்கள் சக்கரத்தின் விட்டத்துக்கும் டிரிம்முக்கும் கடைந்த ஹவுசிங்தானா என்று மாட்டுவதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டும். இப்போது டவுன்பைப்பைக் கழற்றிச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். ஒரே இடத்தில் பிடித்தால் கோர் கோணலாக உட்கார்ந்திருக்கிறது, இடையில் கரி அல்லது பிசிறு மாட்டியிருக்கும். சுற்றிலும் உரசினால் அளவே தப்பு.

தண்டைப் பக்கவாட்டில் ஆட்டினால் புஷ் வகை டர்போவில் கொஞ்சம் ஆடும், ஆயில் படலம் வந்ததும் அது நடுவில் நிற்கும். முன்னும் பின்னும் இழுத்தால் கையால் உணரும் அளவுக்கு ஆடக் கூடாது. ஆடினால் த்ரஸ்ட் பேரிங் போயிற்று. பிளேடு நுனியில் சின்ன நெளிவு இருந்தாலும் அதை நிமிர்த்தி ஓட்ட முயலாதீர்கள், பேலன்ஸ் போய்விட்டது.

புகை

முதல் ஸ்டார்ட்டில் வெள்ளையாக, நாற்றத்தோடு வந்தால் பயப்படாதீர்கள். கையில் இருந்த ஆயிலும் ஆன்டிசீஸும் எரிகின்றன. கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். நிற்காமல், இனிப்பு வாடையோடு வந்தால் கூலன்ட். தண்ணீர்க் குழாயைப் பூட்டும் பேஞ்சோ போல்ட்டின் செம்பு வாஷரைப் பழையதையே போட்டீர்களா என்று பாருங்கள்.

நீலப் புகை என்றால் எல்லோரும் டர்போ சீல் போச்சு என்பார்கள். ஹவுசிங் மாற்றிய மறுநாளே சீல் போவது அபூர்வம். ஹவுசிங்கைக் கோரோடு சேர்க்கும்போது கோர் திரும்பியிருக்கும், அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆயில் தன் எடையால் மட்டுமே கீழே வடிகிறது, பம்ப் எதுவும் உறிஞ்சுவதில்லை. ஆயில் வெளியேறும் வாய் செங்குத்திலிருந்து 35 டிகிரிக்கு மேல் சாயக் கூடாது என்று கேரெட்டே சொல்கிறது. புது ஹவுசிங்கின் கோணத்துக்கு ஏற்ப கோரைத் திருப்பி வைக்காமல் இறுக்கியிருந்தால், அல்லது ஆயில் வடியும் டிரெயின் ஹோஸ் எங்காவது மேலேறி வளைந்தோ மடிந்தோ இருந்தால், ஆயில் தேங்கி சீலைத் தாண்டும். பால் பேரிங் டர்போவில் ஆயில் வரும் பக்கம் 1 மில்லிமீட்டரை ஒட்டிய துளையுள்ள ரெஸ்ட்ரிக்டர் இருக்க வேண்டும். புஷ் வகைக்குப் பொதுவாக அது தேவையில்லை, போட்டால் பட்டினி போடுவதாகிவிடும்.

புகை எப்போது வருகிறது என்று பாருங்கள். நெடுநேரம் ஐடிலில் நின்று பிறகு மிதித்தால் வருகிறது என்றால் டிரெயின். காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் என்றால் வால்வு சீல், அதற்கும் ஹவுசிங்குக்கும் சம்பந்தமில்லை.

எஞ்சின் லைட்

ஸ்கேனரில் வரும் கோடு பி0299 என்றால் பூஸ்ட் போதவில்லை, பி0234 என்றால் கூடுதல். மேலே முதல் இரண்டு தலைப்புகளுக்குப் போங்கள். ஆக்சிஜன் சென்சார் லீன் என்று சொல்லி, அதுவும் ஐடிலிலும் மெதுவான ஓட்டத்திலும் மட்டும் சொன்னால், சென்சாருக்கு முன்னால் ஒரு ஒழுகல் வெளிக்காற்றை இழுக்கிறது. அந்த நிலையில் மேப்பைத் திருத்தி பெட்ரோல் ஏற்றாதீர்கள்.

சூடும் தண்ணீரும்

பெரிய ஹவுசிங்கின் உடல் பழையதைவிட வெளியே தள்ளி நிற்கும். பிரேக் ஹோஸ், ஒயரிங், ஏசி பைப் இவற்றுக்கு எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று எஞ்சின் ஓடி அசையும்போது பாருங்கள். நிற்கும்போது இரண்டு விரல் இருக்கும், கிளட்ச் விட்டதும் ஒரு விரல் ஆகிவிடும். ஒயர் உறை இளகி மினுமினுத்தால் ஹீட் ஷீல்டு போதவில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் புதுச்சேரி இந்திரா காந்தி சிலை சதுக்கத்தில் தண்ணீர் நிற்கும்போது, வேகமாக ஓட்டி வந்த சூட்டோடு அதில் இறங்காதீர்கள். சிவக்கச் சூடான வார்ப்பில் குளிர்ந்த தண்ணீர் அடித்தால் விரிசல் விடும். வேஸ்ட்கேட் துளைக்கும் டர்பைன் வாய்க்கும் நடுவே மெல்லிய விரிசல் நாள்பட்ட ஹவுசிங்குகளில் சகஜம், அதோடு ஓடிக்கொண்டே இருக்கும். விரிசல் வெளிச்சுவரைத் தாண்டியிருந்தாலோ, ஃபிளாஞ்சை நோக்கி ஓடினாலோ மாற்றிவிடுங்கள். வெல்டிங் வைத்துப் பார்க்கலாம் என்பார்கள், வார்ப்பு பக்கத்தில் இன்னொரு இடத்தில் பிளக்கும்.

எல்லாம் சரியாகி ஓடத் தொடங்கிய பிறகு, சில முறை நன்றாகச் சூடாகி ஆறியதும் நட்டுகளைக் குளிர்ந்த நிலையில் டார்க் ரெஞ்சால் ஒருமுறை பாருங்கள். தயாரிப்பாளர் சொன்ன அளவுக்குள் ஒரு நட்டாவது திரும்பினால், இன்னும் சில சூடு ஆற விட்டு மறுபடி பாருங்கள். எதுவும் நகரவில்லை என்றால் ஹீட் ஷீல்டைப் பூட்டிவிடலாம்.